பிழை குறைந்த வகுப்பு: ஒரு முனைவர் பட்ட ஆய்வு திசை மாறிய விதம்

மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார் ஆய்வாளர். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று சரிந்து இறங்கியது, மற்றது ஏறக்குறையப் படுத்தே கிடந்தது. சரிந்தது ஆசிரியரின் திருத்தம் பெற்ற வகுப்பு, படுத்தது பெறாத வகுப்பு. மாணவர்களின் ஆங்கில எழுத்தில் நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்பது கணக்கு. "வந்துருச்சு மேடம்," என்றார். மூன்று வருட உழைப்பு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே ஆய்வேட்டின் ஐந்தாம் இயலைத் தொடங்கிவிடலாம் என்று நானே சொன்னேன்.

அந்தச் சரிந்த கோட்டைப் பற்றியதுதான் இந்த நிகழ்வு ஆய்வு. கணக்கில் தவறில்லை, தரவில் கலப்படமும் இல்லை. ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று நாங்கள் நினைத்தோமோ, அதை அது காட்டவில்லை.

நான் இணை நெறியாளர். ஆய்வாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் இருக்கிறேன். முடிந்த ஆய்வேட்டைப் படித்தால், எல்லாமே முதல் நாளிலிருந்து திட்டமிட்டு நடந்தது போல இருக்கும். முறையியல் இயல் என்பதே அப்படி எழுதப்படும் ஒன்று. அயல்மொழியாக ஆங்கிலம் கற்பித்தலில் பிஎச்.டி. செய்ய வருகிறவர்கள் முந்தைய ஆய்வேடுகளைப் படித்துவிட்டு, தங்கள் ஆய்வு மட்டும் ஏன் இப்படிக் கோணல்மாணலாகப் போகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்காகவே கோணல்களை அழிக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

பதினோரு வருடம் கல்லூரியில் ஆங்கில எழுத்துப் பயிற்சி எடுத்தவர், பகுதி நேர ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டார். அவருடைய மாணவர்களைப் பற்றி இரண்டு விவரங்கள் முக்கியம். அவர்கள் தாய்மொழியில் 'எ', 'ஆன்', 'தி' போன்ற ஆர்ட்டிகிள்கள் கிடையாது. வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஆங்கிலம் அவர்கள் காதில் விழுவதும் இல்லை.

அயல்மொழி ஆங்கிலத்தையும் இரண்டாம் மொழி ஆங்கிலத்தையும் பிரிப்பது இந்த இரண்டாவது விவரம்தான். 1985-ல் மொழியியலாளர் பிரஜ் கச்ரு உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாக வரைந்தார்: தாய்மொழியாகப் பேசும் நாடுகள் உள்வட்டம், ஆட்சியிலும் கல்வியிலும் அது ஊன்றிவிட்ட நாடுகள் வெளிவட்டம், அயல்மொழியாக மட்டும் படிக்கும் நாடுகள் விரியும் வட்டம். இந்த வட்டப் படத்தை முதல் இயலில் ஒட்டிவிட்டு, பிறகு ஆய்வேடு முழுக்க மறந்துபோவது நம் துறையில் ஒரு சடங்காகிவிட்டது. உண்மையில் அந்த வேறுபாட்டுக்கு ஆய்வு வடிவமைப்பில் நேரடி வேலை இருக்கிறது. நாள் முழுக்க ஆங்கிலம் கேட்கும் மாணவன் முன்னேறினால், அது ஆசிரியரால் வந்ததா தெருவால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். ஆசிரியரின் சிவப்பு மையைத் தவிர வேறு ஆதாரமே இல்லாத மாணவனிடம் அந்தக் குழப்பம் குறைவு. அதே காரணத்தால், ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறியவர்களிடம் கிடைத்த முடிவை இந்த வகுப்பில் அப்படியே இறக்கிவைக்கவும் முடியாது. ஆய்வு இடைவெளி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு அது இங்கே கிடைத்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது என்பது வேறு விஷயம்.

தலைப்பும் பழைய சண்டையும்

முதலில் கொண்டுவந்த தலைப்பு: 'ஆங்கில எழுத்துத் திறனை வளர்ப்பதில் ஆசிரியர் திருத்தத்தின் பயன்'. 'எழுத்துத் திறன்' என்றால் எது? இலக்கணமா, கருத்தை அடுக்கும் விதமா, சொல்வளமா? 'திருத்தம்' என்றால் சரியான வடிவத்தை எழுதிக் கொடுப்பதா, அடிக்கோடு மட்டும் போடுவதா, விதியைச் சொல்வதா? ராட் எல்லிஸ் 2009-ல் வகுத்த பட்டியலில் இந்த மூன்றும் தனித்தனி வகைகள்: நேரடித் திருத்தம், மறைமுகத் திருத்தம், மொழி விளக்கத் திருத்தம். நாங்கள் இந்தச் சொற்களையெல்லாம் பிடித்து உலுக்கினோம். தலைப்பிலேயே உட்கார்ந்திருந்த 'பயன்' என்ற சொல்லை மட்டும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பின்னால் எங்களைக் கவிழ்த்தது அதுதான்.

இந்தத் துறையில் ஒரு பெரிய சண்டை உண்டு. 1996-ல் ஜான் டிரஸ்காட் எழுதினார்: இரண்டாம் மொழி எழுத்து வகுப்புகளில் இலக்கணத் திருத்தத்தைக் கைவிட வேண்டும். அது பலன் தரவில்லை என்பதோடு அவர் நிறுத்தவில்லை, கெடுதல் செய்கிறது என்றும் சொன்னார். இரவெல்லாம் உட்கார்ந்து கட்டுகட்டாகத் தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1999-ல் டானா ஃபெரிஸ் பதில் எழுதினார்: இவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை, திருத்தத்தில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு என்று. அதன் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் இந்த இருவரில் ஒருவருக்குப் பதில் சொல்ல எழுதப்பட்டவை.

எங்கள் ஆய்வாளர் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். பதினோரு வருடம் தாள் திருத்தியவர். டிரஸ்காட்டைப் படித்துவிட்டு வந்த நாளில் முகம் சிவந்திருந்தது. "அவர் சொல்றது தப்புன்னு நிரூபிக்கணும் மேடம்." அந்த இடத்தில் நான் தடுத்திருக்க வேண்டும். நிரூபிக்க வருகிறவர் தரவைப் பார்ப்பதற்கும் தெரிந்துகொள்ள வருகிறவர் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று பாடம் நடத்துகிறவள்தான் நான். ஆனால் கோபத்தோடு வருகிற ஆய்வாளர் வேகமாகப் படிப்பார், வேகமாக எழுதுவார். அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடம் கழித்துத் தலைப்பு குறுகியது. ஜான் பிச்சனரும் யூட் நாக்கும் நியூசிலாந்தில் குடியேறிய மாணவர்களிடமும் வெளிநாட்டு மாணவர்களிடமும் செய்த தொடர் ஆய்வுகள்தான் வழிகாட்டின. அவர்கள் எல்லாப் பிழைகளையும் திருத்தவில்லை. ஆர்ட்டிகிளின் இரண்டே பயன்பாடுகளை எடுத்துக்கொண்டார்கள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி' என்று கதை தொடங்குகிறோம் அல்லவா? முதல்முறை சொல்லும்போது 'ஒரு', அடுத்தமுறை 'அந்த'. ஆங்கிலத்தில் முதலில் 'எ', பிறகு 'தி'. அவ்வளவுதான் அந்த இரண்டு பயன்பாடும். தமிழில் 'ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி' என்று 'அந்த'வை விட்டுவிட்டாலும் கதை நடக்கும். ஆங்கிலத்தில் விட முடியாது. ஆர்ட்டிகிள் இல்லாத மொழிக்காரர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். 2010-ல் வெளியான அவர்கள் ஆய்வு 10 மாதம் நீண்டது. இந்த இரண்டு பயன்பாட்டில் மட்டும் குவிந்த திருத்தம் பெற்றவர்கள் முன்னேறினார்கள், அந்த முன்னேற்றம் நிலைத்தது என்பது முடிவு.

அதையே அயல்மொழிச் சூழலில் செய்து பார்ப்பது என்று தீர்மானித்தோம். முந்தைய ஆய்வை வேறு இடத்தில் மறுபடி செய்து பார்ப்பது தரக்குறைவான வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கு இல்லை. புதுமை புதுமை என்று அலைந்து, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதைவிட இது மேல்.

முன்னோட்டத்தில் விட்ட ஓட்டை

முன்னோட்ட ஆய்வில் மாணவர்கள் கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர் அடிக்கோடிட்டார். மாணவர்கள் அதே கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள். இரண்டாவது தாளில் பிழை குறைந்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

குறையாமல் என்ன செய்யும்? பள்ளம் இருக்கிற இடத்தில் கொடி நட்டுவிட்டு, எத்தனை பேர் விழவில்லை என்று எண்ணியது போலத்தான். டிரஸ்காட்டும் ஏஞ்சலா ஷூவும் 2008-ல் இதையே சோதித்திருந்தார்கள். திருத்தம் பெற்ற மாணவர்கள் அதே தாளைத் திருத்தும்போது நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய கதை எழுதச் சொன்னபோது, திருத்தம் பெறாதவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தக் கட்டுரை எங்கள் முந்தைய ஆய்வுகளின் பட்டியலில் இருந்தது. ஆய்வாளர் அதை மேற்கோள் காட்டி ஒரு பத்தியும் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பத்தி இரண்டாம் இயலில் இருந்தது, முன்னோட்டம் மூன்றாம் இயலில் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை. இலக்கிய மீளாய்வை, அதாவது முந்தைய ஆய்வுகளைப் பேசும் இயலை, பெயர்களின் ரயில் வண்டியாக எழுதினால் இதுதான் நடக்கும். யார் என்ன சொன்னார் என்று எழுதியாயிற்று, அதனால் நான் என்ன மாற்றுகிறேன் என்பது விடுபட்டுவிட்டது.

முதன்மை ஆய்வில் இதைச் சரிசெய்தோம். முன்சோதனை, உடனடிப் பின்சோதனை, இரண்டு மாதம் கழித்துத் தாமதப் பின்சோதனை. மூன்றிலும் புதிய எழுத்து. படத் தொடரைப் பார்த்துக் கதை எழுத வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு படம்.

மற்றவை சமரசங்கள். மாணவர்களைக் குலுக்கிப்போட்டுப் பிரிக்கக் கல்லூரி விடவில்லை, எந்தக் கல்லூரியும் விடாது. ஏற்கெனவே இருந்த இரண்டு பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டோம், ஒவ்வொன்றிலும் முப்பது சொச்சம் பேர். காகிதத்தில் அறுபதுக்கு மேற்பட்ட மாணவர்கள். கறாராகச் சொன்னால் இரண்டே இரண்டு வகுப்புகள். ஒரு பிரிவுக்குக் காலையில் வகுப்பு, மற்றதற்கு மதியம் என்றால்கூட, வித்தியாசம் திருத்தத்தால் வந்ததா தூக்கத்தால் வந்ததா என்று கேட்கலாம். இரண்டு பிரிவுக்கும் ஆசிரியர் ஆய்வாளரேதான். ஒரு பிரிவில் அவர் நம்புகிற மருந்து, மறு பிரிவில் வெறும் தண்ணீர். எவ்வளவு நேர்மையான மனிதர் என்றாலும் இரண்டு வகுப்புக்குள்ளும் ஒரே முகத்தோடு நுழைய முடியுமா? ஆய்வின் குறைகளை ஒப்புக்கொள்ளும் 'வரையறைகள்' என்ற பகுதியில் இதற்கு மூன்று வரி எழுதி நகர்ந்துவிட்டோம்.

ஒப்புதல் படிவமும் இருந்தது. 'கலந்துகொள்ளாவிட்டால் மதிப்பெண் பாதிக்காது' என்று அதில் எழுதியிருந்தது. மதிப்பெண் போடுகிறவரே அதை நீட்டினார். ஒருவர்கூட மறுக்கவில்லை. அது எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது.

கேட்காமல் எழுதிய ஒரு வரி

இப்போது அந்தத் திரைக்கு வருவோம். சரிந்த கோடு தாமதச் சோதனையிலும் சரிந்தே இருந்தது. விளைவின் அளவு, அதாவது இரண்டு வகுப்புக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண், புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹனின் பழைய அளவுகோலில் 'பெரியது' என்ற கோட்டைத் தாண்டியது. லூக் பிளான்ஸ்கியும் ஃபிரெடெரிக் ஆஸ்வல்டும் 2014-ல் இரண்டாம் மொழி ஆய்வுகளுக்கென்றே தனி அளவுகோல் முன்வைத்தார்கள். கோஹனின் 0.2, 0.5, 0.8-க்குப் பதிலாக, இரு குழுக்களை ஒப்பிடும்போது 0.40 சிறியது, 0.70 நடுத்தரம், 1.00 பெரியது. அதில் எங்களுடையது நடுத்தரம். பரவாயில்லை, நடுத்தரமே போதும் என்றிருந்தோம்.

பிழைகளைக் குறியிட்டவர் ஆய்வாளர். அவர் குறியீடு நம்பத்தக்கதா என்று பார்க்க, இன்னொரு ஆசிரியரிடம் தாள்களில் ஒரு பகுதியைக் கொடுத்தோம். எந்தத் தாள் எந்த வகுப்பு, முன்னதா பின்னதா என்று அவருக்குத் தெரியாது. இருவரும் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்ச ஒற்றுமையைச் சொல்லும் கணக்கு கோஹனின் கப்பா, 1960-லிருந்து புழக்கத்தில் இருப்பது. கப்பா நன்றாகவே வந்தது. அந்த எண்ணை எழுதிக்கொண்டு தாள்களை உறையில் போடும்போதுதான், கடைசித் தாளின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தோம். யாரும் கேட்காமல் எழுதியது.

'சில தாள்களில் ஏன் இவ்வளவு சின்னச் சின்ன வாக்கியம்?'

தாள்களின் எண்களைச் சரிபார்த்தோம். அவர் சொன்ன 'சில தாள்கள்' ஏறக்குறைய எல்லாமே திருத்தம் பெற்ற வகுப்பின் பின்சோதனைத் தாள்கள்.

அன்று இரவு ஆய்வாளர் என்னை அழைத்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. "மேடம், எல்லாரும் 'மை ஃபிரண்ட்'னு எழுதியிருக்காங்க."

"அதுக்கென்ன?"

"படத்துல இருக்கற பையனை 'எ பாய்'னு சொல்லணும். யாரும் சொல்லல. 'மை ஃபிரண்ட்', 'திஸ் பாய்', இல்லைன்னா பேரே வச்சுட்டாங்க. நாயைக்கூட 'ஹிஸ் டாக்'னு எழுதிட்டாங்க. பன்மையா எழுதித் தப்பிச்சவங்களும் இருக்காங்க."

ஆர்ட்டிகிள் பிழை குறைந்ததற்குக் காரணம், ஆர்ட்டிகிள் போட வேண்டிய இடத்துக்கே மாணவர்கள் போகாதது. உரிமைச் சொல் வந்தால் ஆர்ட்டிகிள் வேண்டாம், சுட்டுச்சொல் வந்தால் வேண்டாம், ஆட்பெயருக்கு வேண்டாம், பொதுவாகச் சொல்லும் பன்மைக்கும் வேண்டாம். இத்தனை சந்துகளையும் அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. சிவப்புக் கோடு எங்கே விழுகிறது என்று வாரக்கணக்கில் பார்த்தவர்கள், அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டார்கள்.

துறைக்கு இது புதிதல்ல. ஜாக்லின் ஷாக்டர் 1974-லேயே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தின் பெயரெச்சத் தொடர்களில் சீன, ஜப்பானிய மாணவர்கள் பாரசீக, அரபு மாணவர்களைவிடக் குறைவாகப் பிழை செய்தார்கள். காரணம் அவர்கள் அத்தொடர்களை நன்றாக அறிந்திருந்ததல்ல, மிகக் குறைவாகவே எழுதியது. தவிர்த்தல் என்று இதற்குப் பெயர். 1967-ல் எஸ். பிட் கார்டர், பிழைகளைக் கற்பவரின் மனத்துக்குள் பார்க்கும் சாளரமாகக் கருதச் சொன்னார். ஷாக்டர் காட்டியது அந்தச் சாளரத்தின் குறை: செய்யாத பிழை அதில் தெரியாது. மாணவர்கள் திருத்தத்துக்குப் பயந்து எழுத்தை எளிமையாக்கிக்கொள்வார்கள் என்று டிரஸ்காட்டும் எச்சரித்திருந்தார். ஆய்வாளர் அதை மேற்கோள் காட்டி மறுத்திருந்தார், இரண்டாம் இயலில், ஒன்றரைப் பக்கத்துக்கு.

அளவையை மாற்றினோம். தெரேசா பிக்கா 1983-ல் விவாதித்த கணக்கு முறை இதற்குப் பொருத்தமானது. சரியான இடத்தில் சரியாக வந்த ஆர்ட்டிகிள்கள் மேலே. வர வேண்டிய இடங்கள் மொத்தமும், அதோடு வரக்கூடாத இடத்தில் நுழைந்தவையும் கீழே. நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று எண்ணும்போது, ஆர்ட்டிகிளே தேவைப்படாமல் எழுதியவன் கெட்டிக்காரனாகத் தெரிவான். இந்தக் கணக்கில், அவனுடைய சந்துபொந்துப் பயணம் அவனுக்கு மதிப்பெண் தராது. கூடவே, தாள் ஒவ்வொன்றிலும் வர வேண்டிய இடங்கள் எத்தனை என்பதையும் தனியாக எழுதினோம். வாக்கியச் சிக்கலை அளக்க, கெல்லாக் ஹன்ட் 1965-ல் உருவாக்கிய டி-யூனிட்டை எடுத்துக்கொண்டோம். ஒரு முதன்மை வாக்கியமும் அதைச் சார்ந்த துணை வாக்கியங்களும் சேர்ந்தது ஒரு டி-யூனிட். அதன் சராசரி நீளம் குறைந்தால் எழுத்து எளிமையாகிறது என்று பொருள்.

புதிய வரைபடத்தில் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு போயின. டி-யூனிட் நீளம் மட்டும் திருத்தம் பெற்ற வகுப்பில் இறங்கியிருந்தது.

மூன்று வழிகள்

ஆய்வாளர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மூவரும் உட்கார்ந்தோம்: முதன்மை நெறியாளர், நான், அவர்.

முதல் வழி, பழைய அளவையோடேயே போவது. நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்பது பலர் பயன்படுத்திய, ஏற்கப்பட்ட அளவை. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் தந்த கால அவகாசமும் முடியப்போகிறது. இதை அந்த அறையில் ஒருவர் சொல்லத்தான் செய்தார், யார் என்பதை விடுவோம்.

இரண்டாவது, மாணவர்கள் ஆர்ட்டிகிளைத் தவிர்க்க முடியாதபடி சோதனையை மாற்றி, ஆர்ட்டிகிளுக்கு இடம் விட்ட கோடிட்ட இடங்களைக் கொடுத்து மறுபடி செய்வது. அது சுத்தமான சோதனைதான். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்புவது எழுத்தாகாது. விதி தெரியுமா என்று அது சொல்லும், கதை எழுதும்போது அது கைக்கு வருமா என்று சொல்லாது.

மூன்றாவதை ஆய்வாளரே சொன்னார். "திருத்தம் வேலை செய்யுதான்னு இதுவரைக்கும் கேட்டோம். அதை வச்சுப் பசங்க என்னதான் பண்றாங்கன்னு கேக்கலாமா?" கோபம் இறங்கியிருந்தது. டிரஸ்காட் பெயர் அன்று வரவேயில்லை.

அதற்கு விலை இருந்தது. கூடுதலாக ஒரு வருடம். நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி. பாதி எழுதி முடித்திருந்த இயல்களைப் பிரித்துப்போட வேண்டிய நிலை. எண்களோடு பழகிய ஒருவர் நேர்காணல் பதிவுகளோடு மாரடிக்க வேண்டும். தலைப்பை மாற்றப் பல்கலைக்கழகத்தில் எத்தனை படிவம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஆறு மாணவர்கள்

இந்தப் பகுதிதான் ஆய்வேட்டின் உயிர். வேறு ஒரு வகுப்பிலிருந்து ஆறு மாணவர்கள். முந்தைய கட்டத்தில் பார்த்த மூன்று விதமான எழுத்துக்கும் இரண்டு இரண்டு பேர்: முன்னேறியவர், சுற்றிக்கொண்டு போனவர், எந்த மாற்றமும் இல்லாதவர். திருத்திய தாள் கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தாளை முன்னே வைத்து, 'இந்த இடத்தில் என்ன நினைத்தாய்?' என்று கேட்பது. தூண்டப்பட்ட நினைவுகூரல் என்ற முறை. சூசன் காஸும் அலிசன் மேக்கியும் 2000-ல் இதற்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். அதில் அடிக்கடி வரும் எச்சரிக்கை, இப்போது நினைப்பதையும் அப்போது நினைத்ததையும் மாணவன் கலந்துவிடுவான் என்பது. 'ஏன் அப்படிச் செய்தாய்' என்று கேட்டால் காரணம் கண்டுபிடித்துச் சொல்வான். 'அப்போது என்ன ஓடியது' என்று கேட்டால் பல நேரம் 'ஒண்ணும் ஓடல' என்பான். அந்த 'ஒண்ணும் ஓடல'யும் தரவுதான்.

நேர்காணலை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று ஆய்வாளர் முதலில் பிடிவாதமாக இருந்தார். ஆங்கிலத் துறை ஆய்வேட்டில் வேறு மொழிப் பேச்சு வந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார் போலும். ஆர்ட்டிகிள் வராத மாணவனிடம் ஆர்ட்டிகிளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் என்ன கிடைக்கும்? தாய்மொழியில் நடத்தி, மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பை இன்னொருவர் சரிபார்த்தார். நேர்காணல் எடுத்தவர் ஆய்வாளர் அல்ல. வகுப்போடு சம்பந்தமில்லாத ஒருவர் எடுத்தார், அதுவும் மதிப்பெண்கள் வெளியான பிறகு. படிவம் உறுத்தியது என்று சொன்னேனே, அதற்கான பரிகாரம்.

கிடைத்தவற்றில் சில.

ஒரு மாணவி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கோடு விழாத வாக்கியங்களின் பட்டியல். எந்த வாக்கியத்துக்கு ஆசிரியர் கோடு போடவில்லையோ அதை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த கதையிலும் அதே மாதிரி வாக்கியங்களைப் பொருத்தியிருக்கிறாள். ஐந்து கட்டுரைகளுக்குப் பிறகு அவளிடம் ஆபத்தில்லாத வாக்கியங்களின் சின்னக் களஞ்சியமே இருந்தது. இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடும் உழைப்பு அது.

முன்னேறிய இருவரில் ஒருவன் திருத்தத்தைப் படித்தது தற்செயல். விடுதியில் பக்கத்தில் இருந்தவன் தாளைப் பிடுங்கிப் பார்த்து, 'உனக்கு எல்லாக் கோடும் ஒரே விஷயத்துக்குத்தான் விழுது' என்றிருக்கிறான். ரிச்சர்ட் ஷ்மிட் 1990-ல் சொன்னது, கவனத்தில் படாத வடிவம் கற்றலுக்குள் நுழையாது என்பது. இங்கே கவனிக்க வைத்தது ஆசிரியரின் கோடு மட்டுமல்ல, கோடுகளுக்கு இடையிலான ஒற்றுமையை வாய்விட்டுச் சொன்ன நண்பன். ஆய்வேட்டில் இதற்குத் தனி உட்பிரிவு கிடைத்தது. என்னைக் கேட்டிருந்தால் தனி இயலே கொடுத்திருப்பேன்.

இருவர் திருத்தத்தைப் படிக்கவே இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவைத்தார்கள். அவர்களில் ஒருவனிடம், இந்த அடிக்கோடுகளைப் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்கப்பட்டது. அவன் பதில்: "நல்லா எழுதியிருக்கேன்னு." புத்தகத்தில் முக்கியமானதைத்தானே அடிக்கோடிடுவோம்? ஆசிரியர் தன் எழுத்தில் பிடித்த இடங்களைக் குறித்திருக்கிறார் என்று அரையாண்டு முழுக்க நம்பியிருக்கிறான். பதிவைக் கேட்டு ஆய்வாளர் முதலில் சிரித்தார். அதன் பிறகு வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

மறைமுகத் திருத்தம் நேரடித் திருத்தத்தைவிட மாணவனை யோசிக்க வைக்கும் என்ற வாதம் துறையில் பல காலமாக இருக்கிறது. யோசிக்க வைக்கலாம். கோடு என்றால் பிழை என்ற அகராதி இருவரிடமும் ஒன்றாக இருந்தால். அந்த அகராதியை வகுப்பின் முதல் நாளில் பகிர்ந்துகொண்டதற்கான பதிவு எங்களிடம் இல்லை. பதினோரு வருடத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் தோன்றியதில்லை, நானும் அடிக்கோடு போடுகிறவள்தான்.

வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளர் புள்ளியியல் பக்கம் அதிகம் போகவில்லை. இரண்டு வகுப்பு விவகாரத்தை ஒரு கேள்வியில் முடித்தார். ஆய்வேட்டில் முதல் கட்டத்தை 'பயனுக்கான சான்று' என்று சொல்லாமல், 'அடுத்த கேள்வியை எழுப்பிய கட்டம்' என்று எழுதியிருந்ததால் தப்பித்தோம். அவர் பிடித்த இடம் வேறு.

"நேர்காணல் எடுத்தது நீங்கள் இல்லை. ஆனால் யாருடைய ஆய்வு என்று மாணவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லியிருக்க மாட்டார்களா?"

ஆய்வாளர் கொஞ்சம் யோசித்தார். "ஆறில் இரண்டு பேர் என் திருத்தத்தைப் படிக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைத் திருப்திப்படுத்த நினைத்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்."

"சரி. மற்ற நான்கு பேர்?"

அதற்குப் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னார். வரையறைகள் பகுதியில் ஒரு முழுப் பக்கம் சேர்க்க வேண்டும் என்பது தேர்வாளர்கள் கேட்ட முதல் திருத்தம். தலைப்பின் துணைவரியில் இன்னமும் ஒளிந்திருந்த 'பயன்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. மிச்சமெல்லாம் சிறு திருத்தங்கள், மூன்று மாத அவகாசம்.

குறித்துக் கொடுத்த பிரதி வந்த அன்று அவர் என்னை அழைத்தார்.

"நூத்திப் பதினாலாம் பக்கத்துல ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு மட்டும் போட்டிருக்கார் மேடம். என்ன தப்புன்னு எழுதல. 'தி' வரணுமா, வரக்கூடாதா? நாலு தடவை படிச்சுட்டேன்."

"என்ன பண்ணினீங்க?"

"அந்த வாக்கியத்தையே எடுத்துட்டேன்."